இருபத்திரண்டு பற்கள்

44, 18. பதினோரு ஆண்டுகளாக என் கால்கள் செய்த வேலையைத் தீர்மானித்த எண்கள் இவை. 44 என்பது பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரத்தில் உள்ள பற்கள். 18 என்பது பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஃப்ரீவீலின் பற்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 2.44 வரும். பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும் என்று பொருள். இதுதான் கியர் விகிதம். கியர் இல்லாத சைக்கிள் என்று நாம் சொல்கிற வண்டிக்கும் ஒரு கியர் இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதை நமக்காக யாரோ முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள்.

நான் கணக்கு ஆசிரியை. ஆண்டுதோறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதமும் விகித சமமும் நடத்துகிறேன். ஆனாலும் என் வண்டியின் விகிதத்தை எண்ண வைத்தது பாடப்புத்தகம் அல்ல, முழங்கால்.

வீட்டிலிருந்து பள்ளி 7 கிலோமீட்டர். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் பக்கம் பெரும்பாலும் சமதரைதான். வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம். காலையில் மேற்குப் பார்த்துப் போக வேண்டும். ஆடி மாதத்தில் அந்தத் திசையிலிருந்து அடிக்கும் காற்றை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துப்பட்டாவைப் பின்னால் இழுத்து, கண்ணில் மண்ணைப் போட்டு, வண்டியை அப்படியே நிறுத்திவிடப் பார்க்கும். அந்தக் காற்றில் ஒரு சமதரையே மேம்பாலம் ஆகிவிடும்.

ஸ்கூட்டர் வாங்க முடியாத நிலையில் நான் இல்லை. சைக்கிளில் போகும் அந்த அரைமணி நேரம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அடுப்படிக்கும் வகுப்பறைக்கும் நடுவில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் அது ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆடியில் வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. படி ஏறினால் வலி, கரும்பலகை முன் நின்றால் வலி. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சைக்கிளை விட்டுடுங்கம்மா, நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சுல்ல” என்றார். வீட்டிலும் அதையே சொன்னார்கள். எல்லோரும் என் காலைப் பற்றிப் பேசினார்கள், என் வயதைப் பற்றிப் பேசினார்கள். வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான். என் மாணவி வயதுதான் இருக்கும். “பாலத்துல எப்படி மிதிப்பீங்க மேடம்? எழுந்து நின்னா? ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மிதி வரும்?” என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் எண்ணினேன். பாலத்தில் நிமிடத்துக்கு முப்பது சுற்றுகூட வரவில்லை. மெதுவாக, கனமாக, ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடையை எல்லாம் இறக்கி மிதித்துக்கொண்டிருந்தேன். அப்படி மிதிக்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் அதிகமாகும் என்று அவள் விளக்கினாள். “லேசா, வேகமா மிதிக்கிற மாதிரி வண்டிய மாத்த முடியுமான்னு பாருங்க. சீட்டையும் கொஞ்சம் ஏத்துங்க” என்றாள்.

அன்று மாலை வண்டியை நிறுத்திவிட்டு, திருப்புளியால் செயின் கவரைக் கழற்றினேன். லேடீஸ் சைக்கிள்களில் செயினை முழுவதுமாக மூடியிருக்கும் தகடு அது. சேலையும் பாவாடையும் சிக்காமல் இருக்க அது வேண்டியதுதான். ஆனால் அதனாலேயே பதினோரு ஆண்டுகள் நான் மிதித்த வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளே கரிய மசகும் செம்மண்ணும் கட்டியாக இருந்தன. ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கினேன். முன்னால் 44, பின்னால் 18.

பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய ஜென்ட்ஸ் சைக்கிளையும் எண்ணினேன். அதே 44, அதே 18. அவர் வண்டிச் சக்கரம் 28 அங்குலம், என்னுடையது 26. அதைத் தவிர என் கால் இழுக்க வேண்டிய கணக்கில் வேறு வித்தியாசம் இல்லை. அப்படியானால் என் வண்டியில் ‘லேடீஸ்’ என்பது எது? சேலையைத் தூக்காமல் ஏற வசதியாகத் தாழ்ந்த சட்டம். துணியைக் காக்கும் செயின் கவர். முன்னால் ஒரு கூடை. ஊதா வண்ணம், பூப்படம். பெண் எப்படி ஏற வேண்டும், எப்படித் தெரிய வேண்டும், எதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். எவ்வளவு மிதிக்க வேண்டும் என்பதை யோசித்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை.

பிறகு கணக்குப் போட்டேன். பின்சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, டேப் வைத்து அளந்தேன். 2 மீட்டர் 7 சென்டிமீட்டர். அதை 2.44ஆல் பெருக்கினால் 5 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது ஒவ்வொரு முழு மிதிக்கும் என்னையும், என் பையையும், வண்டியையும் ஐந்து மீட்டர் தள்ளிக்கொண்டிருந்தேன். ஃப்ரீவீலில் 18க்குப் பதில் 22 பற்கள் இருந்தால் விகிதம் சரியாக 2. ஒரு மிதிக்கு 4 மீட்டர் 14 சென்டிமீட்டர். காலின் அழுத்தம் நூற்றில் பதினெட்டுப் பங்கு குறையும்.

எதுவும் இனாமாக வராது. முன்பு ஒரு கிலோமீட்டருக்கு 198 மிதி என்றால் இனி 242. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்பு மணிக்கு 18 கிலோமீட்டர் போகலாம். இனி 15தான். பள்ளிக்குப் போக 23 நிமிடத்துக்குப் பதில் 28 நிமிடம். செய்ய வேண்டிய வேலையின் மொத்தம் மாறாது. அதைப் பெரிய கட்டிகளாகத் தூக்குவதா, சிறிய கட்டிகளாகத் தூக்குவதா என்பதுதான் கேள்வி. ஒரு மூட்டை அரிசியை ஒரே தூக்கில் ஏற்றுவதற்கும், படி படியாக அள்ளி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். நம் வீட்டுப் பெண்கள் இரண்டையும் செய்தவர்கள்தான். எது எப்போது என்று தேர்ந்தெடுக்கும் உரிமைதான் இருந்ததில்லை.

22 பல் ஃப்ரீவீல் கேட்டு டவுனில் உள்ள உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெரிந்தவர், நல்ல மனிதர். “லேடீஸ் வண்டிக்குப் பதினெட்டுதான் டீச்சர் வரும்” என்றார். 22 இருக்கிறதா என்று மறுபடி கேட்டேன். உள்ளே போய் ஒரு தூசி படிந்த அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். “இருக்கு. ஆனா இது லோடு வண்டிக்காரங்க கேக்குறது டீச்சர். மூட்டை ஏத்துறவங்களுக்குத்தான்” என்றார்.

சுமை ஏற்றுகிறவர்களுக்கு லேசான கியர் வேண்டும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கேரியரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் கட்டி, முப்பது கிலோ தண்ணீரோடு அடிபம்பிலிருந்து வரும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கேரியரில் ஒரு பிள்ளை, கூடையில் அதன் பை, ஹாண்டில் பாரில் காய்கறி என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியை யாரும் லோடு வண்டி என்று சொல்வதில்லை. கூலி கிடைக்கிற சுமைதான் சுமை போலிருக்கிறது.

அதைக் கழற்றும் கருவியையும் சேர்த்து வாங்கினேன். “நான் மாட்டித் தர்றேனே, வீட்ல ஆம்பளைங்ககிட்ட குடுத்தாலும் செய்வாங்க” என்றார். நானே செய்துகொள்கிறேன் என்றேன். ஃப்ரீவீல், கழற்றும் கருவி, புதுச் செயின், ஒரு சிறிய டப்பா கிரீஸ். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

பள்ளியில் ஒரு சக ஆசிரியர் கேள்விப்பட்டுச் சிரித்தார். “அப்போ கிழவிங்க கியருன்னு சொல்லுங்க டீச்சர்.” இந்தக் கேலிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சைக்கிள் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1902இல் பிரான்சில் ஒரு மலைப்பாதைச் சோதனைப் போட்டி நடந்தது. ஒற்றைக் கியர் வண்டியில் ஒரு பந்தய வீரர். மூன்று கியர் உள்ள வண்டியில் மார்த் ஹெஸ் என்ற பெண். ஏற்றம் முழுவதிலும் அவள் ஒருமுறைகூடக் காலைத் தரையில் ஊன்றவில்லை என்கிறார்கள். அடுத்த ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ்ச் இதைப் பார்த்துவிட்டு எழுதினார்: கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு, தசை வலிமையால் ஜெயிப்பதே உயர்வு, நாம் மென்மையாகிக்கொண்டிருக்கிறோம். அவருடைய போட்டியில் கியர் மாற்றும் டெரெய்லர் கருவியை அனுமதிக்க 1937 வரை ஆனது.

நாற்பத்தைந்து என்ற எண்ணைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எனக்கு நாற்பத்தாறு. கனமான கியரில்தான் வீரம் என்பது பந்தய ஆண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெருமை. அதைத் தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்ணின் தலையிலும் ஏற்றிவைத்து, அவள் பாலத்தில் இறங்கித் தள்ளினால் “பொம்பளைக்கு அவ்ளோதான் மூச்சு” என்று சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வார்த்தைகளை முதலில் கேட்டவள் என் அம்மா. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் கற்பதையும் பெண்களுக்கான வேலைத்திட்டத்தில் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் வண்டி தட்டுப்பாடாக இருந்ததால் பலர் ஜென்ட்ஸ் வண்டியே வாங்கினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, வெளியுலகம் படித்தது. முப்பத்து மூன்று வயதில், கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் அம்மாவும் ஜென்ட்ஸ் வண்டியில் ஏறினாள். வங்கிக் கடன் அம்மா பெயரில். தவணை கட்டியது அம்மாவின் களையெடுப்புக் கூலி. ஏழு மாதம் அவள் ஓட்டினாள். பிறகு அப்பாவுக்கு வேலைக்குப் போக வண்டி தேவைப்பட்டது. வண்டி அப்பாவின் வண்டி ஆயிற்று. தவணை மட்டும் கடைசிவரை அம்மாவுடையதாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்க்க, சாக்கை விரித்து வண்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். ஆக்ஸில் நட்டுகளைத் தளர்த்தி, மட்கார்டு கம்பியையும் ஸ்டாண்டையும் விடுவித்து, செயினை இறக்கி, பின்சக்கரத்தை வெளியே எடுத்தேன். ஃப்ரீவீல் சக்கரத்தின் மையத்தில் மரையால் முறுக்கப்பட்டிருக்கும். பெடல் மிதிக்கிற திசையும் அது இறுகுகிற திசையும் ஒன்றே. பதினோரு ஆண்டுகளாக நான் மிதித்த ஒவ்வொரு மிதியும், ஆடிக் காற்றில் எழுந்து நின்று மிதித்தவையும் சேர்த்து, அதை இறுக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. முந்தின இரவே மரையில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன்.

கழற்றும் கருவியை ஃப்ரீவீலின் காடிகளில் பொருத்தி, அது நழுவாமல் இருக்க மேலே ஆக்ஸில் நட்டைப் போட்டுப் பிடித்தேன். ஸ்பேனரின் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகினேன். நெம்புகோலின் நீளம் கூடக்கூடக் கைக்கு வேண்டிய பலம் குறையும். இதுவும் விகிதம்தான். இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். திருப்பினேன், அசையவில்லை. சக்கரம்தான் சுற்றிக்கொண்டு வந்தது.

“தள்ளுடி” என்று அம்மா எழுந்து வந்தாள். சக்கரத்தைச் சுவரோரம் சாய்த்து, டயரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் குழாயின் நுனியில் என் எடையைப் போட்டேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அம்மா பயந்து, “ஒடைஞ்சிருச்சா?” என்றாள். உடையவில்லை, மரை விட்டுக்கொடுத்திருந்தது. அந்த முதல் அசைவு வந்ததும் மேலே பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் வெளியே வரும் ஃப்ரீவீல் அதில் முட்டிக்கொள்ளும். அதன் பிறகு கையாலேயே சுற்றி எடுத்துவிடலாம்.

அம்மா பழைய ஃப்ரீவீலைக் கையில் வாங்கி, எண்ணெய்க் கறையைப் பற்றிக் கவலைப்படாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் சுற்றினால் கிட்கிட்டென்று சத்தம், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். “இதுதான் சத்தம் போடுமா? நான் செயின்னு நெனச்சேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்தாங்க, வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தாங்க. பஞ்சர்னா மட்டும் அப்பாகிட்டத்தான் நிக்கணும். அதுக்கு அவரு சொல்றதுதான் நாள்” என்றாள்.

அம்மா வண்டி கைமாறியது ஒரு நாளில் நடக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பஞ்சர் ஒட்ட ஒருநாள், செயின் மாட்ட ஒருநாள் என்று அது அப்பாவின் கையிலேயே தங்கத் தொடங்கியிருக்கிறது.

புது ஃப்ரீவீலை மாட்டுவதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரை மிக நுண்ணியது. கிரீஸ் தடவி, விரலால் மட்டும் சுற்ற வேண்டும். கோணலாக ஏறினால் சக்கரத்தின் மையமே கெட்டுவிடும். விரலால் இறுகும் வரை போதும், மீதியை மிதி பார்த்துக்கொள்ளும். பழைய செயினை ஸ்கேல் வைத்து அளந்தேன். இருபத்து நான்கு கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். என்னுடையது எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தது. தேய்ந்த செயின் புதுப் பற்களைத் தின்றுவிடும், அதனால்தான் புதியது. செயின் ஃப்ரீவீலின் பாதியைத்தான் சுற்றிவருகிறது. ஆகவே நான்கு பல் கூடினால் இரண்டு கண்ணி கூடுதலாக வைக்க வேண்டும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பின்னால் இழுத்து, நேராக நிறுத்தி, செயின் நடுவில் அரை அங்குலம் ஆடுகிற அளவுக்கு விட்டு நட்டுகளை முறுக்கினேன். புது ஃப்ரீவீல் சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் பெரியது. செயின் கவரின் பின்பகுதி உரசியது. தகட்டை வெளிப்பக்கமாகச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்தேன். அந்தத் தட்டல் வடு இன்னும் இருக்கிறது. காலை ஒன்பதுக்குத் தொடங்கிய வேலை முடிய மதியம் ஆயிற்று.

முழங்கால் முழுவதும் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். படி இறங்கும்போது இன்னும் சில நாள் நினைவூட்டும். சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்தியதிலும், வீட்டில் செய்கிற பயிற்சியிலும் பாதிக் குணம் வந்திருக்கும். ஆனால் மேம்பாலத்தில் உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். சமதரையில் பையன்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள், போகட்டும். ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக வீட்டில் ஒருநாள் சின்னச் சண்டை நடந்தது. காலைக் காப்பியை இப்போது அவரவரே ஆற்றிக்கொள்கிறார்கள்.

விகிதப் பாடத்தை இப்போது சைக்கிள் நிறுத்துமிடத்தில்தான் தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆறாம் வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு சாக்பீஸோடு குனிந்து எண்ணுகிறார்கள். கைக்கரியைப் பாவாடையில் துடைக்காதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர். எல்லாருக்கும் ஒரே காலா?” அதற்கு அந்த வகுப்பிலேயே பதில் தேடினோம். யார் வீடு எவ்வளவு தூரம், யார் வழியில் ஏற்றம், யார் தம்பியை ஏற்றிவருகிறாள் என்று பட்டியல் போட்டோம். கனமாக இருந்தாலும் வேகம்தான் வேண்டும் என்று இரண்டு பெண்கள் சொன்னார்கள். அவர்களுக்கு 16 பல் ஃப்ரீவீலும் இருக்கிறது என்று சொன்னேன்.

உங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தால் முதலில் எண்ணிப் பாருங்கள். மாற்றுவதும் மாற்றாததும் பிறகு. எண்ணுவதற்குச் சாக்பீஸ் போதும். மாற்றுவதென்றால் கழற்றும் கருவி வேண்டும், அது உங்கள் ஃப்ரீவீலின் காடிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அல்லது வாங்காமலும் இருக்கலாம். என்னுடையதைத் தெருவில் தண்ணீர் எடுக்கும் பெண்களில் ஒருத்தி வாங்கிப் போனாள். அவளிடமிருந்து அவள் நாத்தனார், அங்கிருந்து பக்கத்து ஊருக்கு. அடையாளத்துக்கு அம்மா பச்சை நூல் சுற்றி வைத்திருக்கிறாள். மூன்று மாதமாக அது வீட்டுக்குத் திரும்பவில்லை.